ரசமட்டத்தின் நாலாவது மவுண்ட்

என் தங்கை கணவருக்கு ரசமட்டம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, அவரிடம் வேலை பார்த்த கொத்தனார்கள் வைத்தது. தரை சமமா சாய்வா என்று காற்றுக்குமிழ் ஓடிக் காட்டுமே, அந்தக் கருவியைப் பேனா மாதிரி சட்டைப்பையில் செருகிக்கொண்டுதான் எங்கேயும் போவார். சாப்பாட்டுக் கடையில் மேஜை ஆடினால் முதலில் அதன் காலுக்கு அட்டை மடித்துக் கொடுப்பார், அப்புறம்தான் அவருக்குப் பசிக்கும். அவர்கள் கல்யாணப் படத்தை நான்தான் எடுத்தேன். அதில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், மாப்பிள்ளை மட்டும் எனக்குப் பின்னால் இருந்த தூணைப் பார்க்கிறார். தூண் சாய்ந்திருந்ததாம். உண்மைதான். அடுத்த கல்யாணத்தில் அந்த மண்டபத்து விருந்தாளிகள் அத்தனை பேரும் நாற்காலியோடு ஒரே மூலைக்கு உருண்டுபோய், அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவர் கட்டிய வீட்டில் கதவு சாத்த முடியவில்லை என்று என் தங்கை போன் செய்தாள்.

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்" என்றேன்.

"உங்க மாப்பிள்ளையும் இதையேதான் சொல்றாரு. மழை எங்கண்ணே பெஞ்சுது? மாடி ரூம் சுவத்துல விரிசல் விட்டிருக்கு. நகம் உள்ள போகுது. அடுத்த மாசம் நம்ம பொண்ணு கைக்குழந்தையோட வந்து அந்த ரூம்லதான் படுக்கப்போறா. இவரு அதுக்கு நேர் மேல மொட்டைமாடியில தூண் கட்டி மவுண்ட் ஏத்தி வச்சிருக்காரு."

"என்ன மவுண்ட்?"

"டெலஸ்கோப்பு நிக்கிறது. நாலாவது. இது போதாதுன்னு அஞ்சாவது வாங்கணுமாம். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என் பேச்சை அவர் என்னைக்கும்மா கேட்டிருக்காரு?"

"கேக்க மாட்டாரு. ஆனா உங்ககிட்ட கத்த மாட்டாரு. நான் விரிசல்னு வாயைத் திறந்தாலே வீடு அதிருது."

போனேன். வாசலில் என் பெட்டியை வாங்கிக்கொண்டவள், நேரே படுக்கையறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக் காட்டினாள். கீழே சரியாகப் பொருந்திய கதவு மேலே நிலையில் முட்டி நின்றது. இருவரும் தோளால் தள்ளினோம். கதவு நகரவில்லை, நாங்கள்தான் கொஞ்சம் பின்னால் போனோம்.

ரசமட்டத்துக்கு வானத்தின்மேல் ஆசை வந்தது ஓய்வுபெற்ற பிறகு. "ஒரு தூண் கிடையாது, ஒரு கம்பி கிடையாது, எப்படி நிக்குது பாருங்க மச்சான்" என்பார், யாரோ போட்டி ஒப்பந்தக்காரர் கட்டியதைப் பாராட்டுகிற மாதிரி. ஓரியன் நெபுலா என்கிற புகைமேகத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய குறி. அது வெகு மங்கல், ஷட்டரைப் பல நிமிடம் திறந்தே வைக்க வேண்டும். அதுவரை பூமி சும்மா இருக்குமா? அது பாட்டுக்குச் சுற்றும், நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக இழுத்துக்கொள்ளும். ஆகவே தொலைநோக்கியைத் தாங்குகிற மவுண்ட், பூமியின் வேகத்திலேயே எதிர்ப்பக்கம் திரும்பி நட்சத்திரத்தைப் பிடித்தபடி இருக்க வேண்டும்.

முதலில் என்னுடைய பழைய ஸ்டூடியோ முக்காலியைத்தான் வாங்கிப் போனார். படத்தில் வானம் பிராண்டிவிட்ட மாதிரி இருந்தது. இரண்டாவது, மோட்டார் வைத்தது. மேலும் கீழும் இடமும் வலமும் திரும்பி நட்சத்திரத்தைத் துரத்தும். நடுவில் இருந்த நட்சத்திரம் அகப்பட்டது. ஓரத்தில் இருந்தவை எல்லாம் நடுவைச் சுற்றிக் கும்மியடித்தன. அந்த மவுண்டுக்குத் துரத்தத் தெரியுமே தவிர, வானத்தோடு சேர்ந்து சாயத் தெரியாது. மூன்றாவதுதான் சரியான ஜாதி: அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் குறிவைத்துவிட்டால் பூமிக்கு ஈடாகத் திரும்பும். ஆனால் இளைத்த உடம்பு. வெறுமனே பார்ப்பதற்கு எவ்வளவு பாரம் தாங்குமோ, படம் எடுக்க அதில் பாதிதான் ஏற்றலாம் என்று கடைக்காரர் சொன்னதை இவர் காதில் வாங்கவில்லை. ஒருநாள் அதன்மேல் அந்துப்பூச்சி ஒன்று உட்கார்ந்தது. படத்தில் ஒரு விண்மீன் கூட்டமே இடம்பெயர்ந்துவிட்டது.

நாலாவது, கனத்தில் மற்ற மூன்றையும் தூக்கிச் சாப்பிடும். அதைச் சுமந்தவர்கள் மாடிப்படியில் இளைப்பாற உட்கார்ந்தபோது அவர்களில் ஒருவருக்கு மீசை நரைத்துவிட்டது. இதை நான் பார்க்கவில்லை, படியைத்தான் பார்த்தேன். அதன் உயரத்தைப் பார்த்ததும் மீசைக் கதையை நம்பிவிட்டேன்.

அன்று இருட்டியதும் மொட்டைமாடிக்குப் போனோம். தொழுதுவிட்டு ஆரம்பிப்பவர்போல ரசமட்டம் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து மவுண்டின் அடியில் வைத்தார். குமிழ் நடுவை விட்டு ஓடி நின்றது.

"பாத்தீங்களா? நேத்து சாயங்காலம் நானே மட்டம் வச்சேன். ஒரு பகல் தாங்கல. என்ன சாமான் இது!"

"எப்பவும் இதே பக்கம்தான் ஓடுதா, மாப்பிள்ளை?"

"இதே பக்கம்தான். பின்பக்க மூலைக்கு. சனியன் அந்தப் பக்கம் பாத்தே படுக்குது."

பிறகு துருவ நட்சத்திரத்துக்கு அச்சைக் குறிவைக்கக் குனிந்தார். அதை ஏற்றி இறக்க ஒரு பெரிய திருகாணி உண்டு. அதைப் பிடித்துத் திருகினார். திரும்பவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடி திருகினார்.

"என்ன, துருப்பிடிச்சிருச்சா?" என்றேன்.

"இல்ல. மரை தீந்துபோச்சு. தினம் ஒரே பக்கமா திருகித் திருகி, கடைசி வரைக்கும் வந்துட்டேன்."

கீழே கைக்குழந்தை படுக்கப்போகிற அறையின் சன்னலில் விளக்கு எரிந்தது. நாங்கள் மேலே ஏறும்போது என் தங்கை அங்கே விரிசலில் பழைய துணியைச் செருகிக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளங்கால் கூசியது. ஸ்டூடியோவில் என் காலம் முழுக்க ஆடாமல் நிற்கச் சொல்லியே பிழைத்தவன் நான். நிற்கிற இடம் ஆடும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

ரசமட்டம் கடைக்காரருக்குப் போன் போட்டார். நானும் கேட்பதற்காக ஸ்பீக்கரைப் போட்டார், நான் சாட்சியாம்.

"மவுண்ட்ல பல்சக்கரம் கோளாறு தம்பி. நட்சத்திரம் நழுவிக்கிட்டே போகுது."

"சார், பல்சக்கரம் தப்பா இருந்தா நட்சத்திரம் ஒரு பக்கம் போகும், திரும்பி வரும், மறுபடி போகும். உங்க படத்துல திரும்பி வருதா?"

"வரல."

"அப்ப மவுண்ட் மேல தப்பு இல்ல. அது நிக்கிற இடத்தைப் பாருங்க."

பட்டென்று போனை அணைத்தார். "விக்கிறவன் வேற என்ன சொல்வான்? நான் போட்ட தூண் மச்சான் இது! நான் போட்டது! அஞ்சாவது ஒண்ணு இருக்கு, இதைவிட ரெண்டு பங்கு கனம். காலையில சொல்லிவிட்டுடறேன்."

வீடு சாய்கிறது என்று அப்போது நான் சொல்லியிருந்தால் பத்தாவது மவுண்டுவரை போயிருப்பார். ஆகவே வேறு வழியில் போனேன்.

"வாங்குங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்தக் கடைக்காரப் பயலை இப்படியே விட்டுடறதா? வாசல் கேட்டுக்குப் பக்கத்துல பாறை தலை நீட்டிக்கிட்டு இருக்குல்ல? இந்த மவுண்டை அங்க வைங்க. பாறை மேலயும் நழுவுதுன்னு படம் பிடிச்சு அவன் மூஞ்சில காட்டுங்க. அப்புறம் அவன் வாயைத் திறக்கட்டும்."

ரசமட்டத்தின் முகம் மலர்ந்தது. "மச்சான், உங்களைச் சும்மா போட்டோக்காரர்னு நெனச்சேன்."

"பலரும் அப்படித்தான் ஏமாந்தாங்க" என்றேன்.

மறுநாள் ஆள் வைத்து இறக்கினோம். மாடியை விட்டு அது இறங்கியதும் என் தங்கை சமையலறையில் தண்ணீர் குடித்தாள், ஏதோ தானே சுமந்து இறக்கியவள்போல.

பாறைமேல் புதிதாக மட்டம் வைத்து, திருகாணியை நடுவுக்குக் கொண்டுவந்து, அச்சைக் குறிவைத்தார். அடுத்த சாயங்காலம் குமிழைப் பார்த்தார். நடுவில் இருந்தது. கருவியைத் தட்டிப் பார்த்தார். நடுவிலேயே இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

வானம் தெளிந்த ஓர் இரவில் ஷட்டரைத் திறந்துவிட்டுச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். எத்தனையோ பேரின் முகத்தைக் கெடாமல் எடுத்துக் கொடுத்தவன் நான், அன்று ஒரு படம் கெட்டுப்போக வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். பாறைமேலும் நட்சத்திரம் நழுவினால் தப்பு மவுண்டுடையது, வீடு நிற்கும்.

படம் கணினித் திரையில் வந்தது. ரோஜா நிறத்தில் விரிந்த புகை, சிறகு மாதிரி. சுற்றிலும் நட்சத்திரங்கள். ஒவ்வொன்றும் ஊசியால் குத்தினாற்போல், வட்டமாக, வைத்த இடத்தில் இருந்தது.

"நல்லா வந்திருக்கு மாப்பிள்ளை."

"ஆமா. நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். நாலு மவுண்டுகளாக அவர் காத்திருந்த படம். திரையை மூடிவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை.

காலையில் பழைய சாமான் பெட்டியைக் குடைந்து தூக்குக்குண்டை எடுத்தார். "நீங்க மேல போய் நூலைப் பிடிங்க மச்சான்" என்றார். பின்பக்க மூலையில் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நூலை வைத்துக் குண்டை இறக்கினேன். மேலிருந்து பார்த்தால் அவருடைய வழுக்கையும் கைகளும்தான் தெரிந்தன. குண்டு ஆடி ஆடி ஓய்ந்தது. அது சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அவர் மடக்கிய கையை வைத்தார். தாராளமாகப் போயிற்று.

"எவ்வளவு மாப்பிள்ளை?"

அவர் சுவரடி மண்ணைக் கையால் கிளறினார். "இங்க ஒரு பள்ளம் இருந்துச்சு மச்சான். மண்ணைப் போட்டு நல்லா குத்தித்தான் நிரப்பினேன். என் வீடுதானேன்னு கொஞ்சம் அவசரப்பட்டேன்" என்றார். பிறகு, "நூலை விட்டுடுங்க" என்றார்.

நான் இறங்கி வந்தபோது அவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

"பொண்ணுக்குப் போன் போடு. இங்க வரவேண்டாம்னு சொல்லு. நாம வேற வீடு பாத்துட்டுக் கூப்பிடலாம்."

"ஏன்னு கேப்பாளே" என்றாள் என் தங்கை.

"அப்பா கட்டினது சரியில்லன்னு சொல்லு."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் மாதக்கணக்காகச் சண்டை போட்டாள். இப்போது அது கிடைத்ததும் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் கரண்டியைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"கதவு ஊதிக்கிச்சுன்னு சொல்லிக்கிறேன்" என்றாள்.

வாடகை வீடு இரண்டு தெரு தள்ளிக் கிடைத்தது. சின்ன வீடு, வானம் பார்க்க வழியில்லை. மவுண்ட் பழைய வீட்டுப் பாறைமேலேயே தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. குடிபோன அன்று, பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்னால் என் தங்கை படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். சாத்திக்கொண்டது. திறந்து, மறுபடி சாத்தினாள். மறுபடியும்.

"போதும், கீல் தேஞ்சிடும்" என்றார் ரசமட்டம், தலையைத் தூக்காமல். அவர் சட்டைப்பை காலியாக இருந்தது.

அவள் இன்னொரு தடவை சாத்தினாள்.