இன்னும் மழைதான்

மலையூரான எங்கள் ரேவன்டென்னில் பனிப்பைத்தியம் பிடித்தவர்கள் மூன்று பேர். மலைச்சரிவின் நடுவில் குடியிருக்கும் நான், ஹேசல், பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. கீழே ஆற்றங்கரையில் டயர் கடை வைத்திருக்கும் இஷ்தியாக். மூன்றாவது கிளிஃபர்ட், ஓய்வுபெற்ற தபால்காரர். மலைப்பாதையில் கடைசி வீடு அவருடையது. அதற்கு மேலே ஆடுகளும் புல்லும்தான்.

ஜனவரி பிறந்துவிட்டால் எங்களுக்கு வேலை ஒன்றுதான். வீட்டு விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நின்று, எதிரே இருக்கும் தெருவிளக்கையே பார்த்துக்கொண்டிருப்பது. வெளிச்சத்தில் கோடு கோடாக விழுந்தால் மழை. மிதந்து தள்ளாடிக்கொண்டு வந்தால் பனி. இரண்டும் சேர்ந்து விழுந்தால் எங்கள் பேச்சில் அது 'கலப்படம்'. பார்த்ததை உடனே கைப்பேசிக் குழுவில் போட வேண்டும். பனி எப்போதும் மேலிருந்துதான் இறங்கி வரும். முதலில் கிளிஃபர்டின் விளக்கு, பிறகு என் விளக்கு, அதிர்ஷ்டம் இருந்தால் இஷ்தியாக்கின் விளக்கு. இஷ்தியாக் வரை அது வந்து சேர்ந்த வருடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று எங்களைக் கேட்காதவர்கள் ஊரில் இல்லை.

கிளிஃபர்டிடம் ஒரு கோளாறு உண்டு. கலப்படத்தைப் பனி என்பார், வெறும் மழையைக் கலப்படம் என்பார். இருபது வருடமாக இதற்காக அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருக்கிறேன். மனைவி போன பிறகு மனுஷன் மலையில் தனியாக இருக்கிறார், சந்தோஷப்பட்டுவிட்டுப் போகட்டுமே என்று இஷ்தியாக் விட்டுவிடுவான். நான் விடமாட்டேன். வேறு எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லுங்கள், பனியில் சொல்லாதீர்கள் என்பது என் கட்சி.

அந்த வியாழக்கிழமையோடு மூன்று நாளாக அடைமழை. சாயங்காலம் காற்று வடக்கே திரும்பும், மழை பனியாகும் என்று எல்லாக் கணிப்பும் ஒரே குரலில் சொன்னது. எந்த உயரம்வரை இறங்கும் என்பதில்தான் சண்டை. இரண்டு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்ததும் நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கையில் தேநீரோடு கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவள் மாதிரி உட்கார்ந்தேன்.

இரண்டு பத்துக்கு லார்னாவின் கைப்பேசி அடித்தது. லார்னா என் தங்கை, என்னோடுதான் இருக்கிறாள். இரண்டு சிறுநீரகமும் போய், நான்கு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வருகிறாள். வந்த அழைப்பைக் கேட்டு நான்கு முறை 'சரி' என்று சொன்னவள், அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கிட்னி ஒண்ணு வந்திருக்காம்," என்றாள். "ஆறு மணிக்குள்ள லீட்ஸ் ஆஸ்பத்திரியில இருக்கணுமாம். இல்லன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடுமாம்."

போன வருடமும் ஒரு முறை கூப்பிட்டார்கள். போனோம், பொருந்தவில்லை, திரும்பி வந்தோம். ஒரு வாரம் அவள் யாரோடும் பேசவில்லை. மறுபடி ஒரு முறை கை நழுவினால் அவள் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நானும் தாங்கமாட்டேன்.

ஆம்புலன்ஸுக்குக் கேட்டோம். வெள்ளத்தில் எல்லா வண்டியும் அங்கங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது, மூன்று மணி நேரமாவது ஆகும் என்றார்கள். சரி, நாமே போய்விடலாம் என்று குழுவைத் திறந்தால் இஷ்தியாக் ஒரு படம் போட்டிருந்தான். ஆறு அவன் கடைக்குள் புகுந்திருந்தது, அவனுடைய டயர்கள் சாலையில் மிதந்துகொண்டிருந்தன. பள்ளத்தாக்குச் சாலையை இரண்டு முனையிலும் மூடியாகிவிட்டது, ரயிலும் கிடையாது. மிச்சமிருந்தது மலைப்பாதை ஒன்றுதான்.

மலைப்பாதை மழையில் பிரச்சினையில்லை, அரை மணியில் உச்சியைத் தாண்டிவிடலாம். பனியில் கதை வேறு. பனி ஒட்டாமலிருக்க மாநகராட்சி சாலையில் தூவிய உப்பையெல்லாம் மூன்று நாள் மழை கழுவிக்கொண்டு போயிருந்தது, விழுகிற முதல் பனியே சாலையில் ஒட்டிக்கொள்ளும். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு நாளில் உச்சியில் மாட்டியவர்கள் பதினோரு மணி நேரம் காருக்குள் கிடந்தார்கள்.

நான் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கிளிஃபர்டின் செய்தி வந்து விழுந்தது. 'பெருசு பெருசா கொட்டுது. ரோடு வெள்ளையாயிடுச்சு. வந்துடுச்சு மக்களே.'

வருடம் முழுக்க இந்த ஒரு செய்திக்காகக் காத்திருப்பவள் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்குப் பனியை வெறுத்தேன். லார்னா என் முகத்தைப் பார்த்துவிட்டு, போட்ட ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள். அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. கிளிஃபர்டைக் கூப்பிட்டு, லார்னாவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"கிளிஃபர்ட், எங்க இருக்கீங்க?"

"வீட்லதான், வேற எங்க போவேன்? நான் போட்டதைப் பாத்தியா கண்ணு?"

"பாத்தேன். வெளியே போய்ப் பாத்தீங்களா?"

கெட்டில் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ராடார்ல எங்க வீட்டு மேல பூரா வெள்ளையா இருக்கு," என்றார்.

கைப்பேசியில் வரும் வானிலை ராடாருக்கு, வானத்திலிருந்து ஏதோ விழுகிறது என்பது மட்டும்தான் தெரியும். அது மழையா பனியா என்று கைப்பேசி கணக்குப் போட்டு, ஒரு குத்துமதிப்பில் நீலமோ வெள்ளையோ பூசிவிடும். இது எங்கள் மூன்று பேருக்கும் தலைகீழ்ப் பாடம். தெரிந்தே அந்த மனுஷன் குளிருக்குத் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, கைப்பேசியில் வெள்ளையைப் பார்த்துச் சாலை வெள்ளையாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார். வெளியே நின்றுகொண்டிருக்கும் ஆட்டைக் கேட்டிருந்தால்கூடச் சரியாகச் சொல்லியிருக்கும்.

அடுத்து நான் பேசியதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்து மூச்சு வாங்கிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். லார்னா, சிறுநீரகம், ஆறு மணி. நாற்காலி நகர்ந்தது, கதவு திறந்தது, காற்று கைப்பேசிக்குள் இரைந்தது. கறுப்புக் கோட்டின் கையை நீட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். பனி விழுந்தால் துணியில் ஒரு நொடியாவது உட்காரும், மழை ஓடிவிடும். அவர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. இரண்டு நிமிடம் ஆனது.

"மழைதான் ஹேசல்," என்றார். குரலே மாறியிருந்தது. "வெறும் மழை. கோட்ல ஒண்ணுகூட நிக்கல. அசிங்கமா இருக்கு எனக்கு."

"அசிங்கத்தை அப்புறம் பாத்துக்கலாம். எத்தனை டிகிரி?"

"ரெண்டு புள்ளி ஒண்ணு. காலையில நாலு இருந்துச்சு. காத்து இன்னும் மேற்கிலதான் நிக்குது. வடக்க திரும்புச்சுன்னா கொஞ்ச நேரத்துல மாறிடும். வர்றதா இருந்தா இப்பவே கெளம்பிடுங்க."

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இப்போதுதான் ஒரு பொய்யைப் போட்டு மாட்டிக்கொண்டவர். நான் போட்ட சத்தத்துக்குப் பயந்து, எனக்கு என்ன வேண்டுமோ அதையே சொல்லிவிட்டால்? அவர் பேச்சை நம்பி, இயந்திரம் இல்லாத இடத்தில், பனிக்கு நடுவே இவளைக் கொண்டுபோய் நிறுத்துவதா? லார்னா அதற்குள் ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு கோட்டையும் போட்டிருந்தாள்.

"அந்த மனுஷன் பொய் சொன்னா பனின்னுதான் சொல்வாரு," என்றாள். "அவரு வாயிலருந்து மழைன்னு வருதுன்னா அது மழைதான். வண்டியை எடு."

அவள் சொன்னதில் இருந்த நியாயம் இருபது வருடமாக அவரோடு மல்லுக்கட்டும் எனக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. இரண்டு முப்பத்தைந்துக்குக் கிளம்பினோம்.

கிளிஃபர்ட் அழைப்பைத் துண்டிக்கவே இல்லை. மழையில் நின்றபடி சொல்லிக்கொண்டே வந்தார். ரெண்டு, இன்னும் மழைதான். ஒண்ணு புள்ளி எட்டு, இன்னும் மழைதான். ஒவ்வொரு தடவையும் லார்னா தலையை ஆட்டினாள், ஏதோ அவர் எதிரே நிற்கிற மாதிரி. ஒண்ணு புள்ளி நாலு என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"காத்து திரும்புது கண்ணு," என்றார். "மெதுவா வராதே."

அவர் வீட்டு வளைவில் ஏறும்போது பட்டப்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்து தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. எழுபது வயது ஆள், தலையில் தொப்பிகூட இல்லை, தொப்பலாக நனைந்து விளக்கடியில் நின்றார். ஒரு கையில் கைப்பேசி, இன்னொரு கை நீட்டியபடியே இருந்தது. நான் நிறுத்தவில்லை. லார்னா கண்ணாடியில் கையை வைத்துக் காட்டினாள்.

அதற்கு மேல் போகப் போகச் சிக்னலும் போய்விட்டது. உச்சிக்கு ஒரு மைல் இருக்கும்போது, காரின் கூரையில் தடதடத்துக்கொண்டிருந்த சத்தம் குறைய ஆரம்பித்தது. மழைக்குத்தான் சத்தம், பனி வந்தால் ஊரே வாயை மூடிக்கொள்ளும். அந்த அமைதி எனக்கு உயிர். அன்றைக்கு மட்டும் அது வேண்டாம் என்றிருந்தது. கண்ணாடியில் கூழ் மாதிரி வந்து அப்பியது, வைப்பர் அதைத் தள்ள முடியாமல் முனகியது. சாலையோரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. ஒரு வளைவில் பின்சக்கரம் லேசாக வழுக்கி மறுபடி பிடித்துக்கொண்டது. மழையாகவே இரு, மழையாகவே இரு என்று நான் வாய்விட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்ததை லார்னா சொல்லித்தான் பின்னால் தெரியும்.

உச்சியைத் தாண்டினோம். முதல் வளைவில் ஒன்றும் மாறவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது வளைவில் கூரையில் 'டக்' என்று ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கூரை முழுக்க அடித்துப் பெய்தது, அசல் மழை, கொட்டோ கொட்டென்று. லார்னா சிரிக்க ஆரம்பித்தாள், நான் அழ ஆரம்பித்தேன். அப்பாடா என்று அத்தனை சத்தமாக நான் சொன்னதே கிடையாது.

நாலேகாலுக்கு மருத்துவமனை வாசலில் இருந்தோம். லார்னாவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனதும் கிளிஃபர்ட் கூப்பிட்டார். வந்து சேர்ந்துவிட்டோம் என்றேன். அவர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. அங்கே எப்படி என்று கேட்டேன்.

"நீங்க போயி பத்து நிமிஷத்துல மாறிடுச்சு. இப்ப நாலு விரக்கடை கெடக்கு. போலீஸ் வந்து ரோட்டை மூடிட்டாங்க."

குழுவைத் திறந்து பார்த்தேன். 'முன்னாடி போட்டது தப்பு. மழைதான்' என்பதோடு நின்றிருந்தது. அந்தக் குளிர்காலத்தின் முதல் அசல் பனி அவர் வீட்டு வாசலில் விழுந்திருக்கிறது, மனுஷன் ஒரு வார்த்தை எழுதவில்லை.

"ஏன் போடல?"

"எறங்குறப்போ ஃபோனைப் பாத்துப் பயந்துடப் போறியேன்னுதான். அப்புறம் போடவே தோணல. அதை விடு, பொருந்துதாமா?"

இன்னும் தெரியாது என்றேன். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஈரத் துணியை மாற்றினாரா என்றுதான் கேட்க வந்தது. இல்லை என்றார். அதற்கும் திட்டு வாங்கிக்கொண்டார்.

ஏழு மணிக்கு டாக்டர் வந்து, பொருந்துகிறது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவே அறுவை சிகிச்சை முடிந்தது.

மறுநாள் மதியம் என்னை உள்ளே விட்டார்கள். லார்னா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் ரத்தம் ஓடுகிற நிறம். கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையை நர்ஸ் பெருமையோடு தூக்கிக் காட்டினாள். மூன்று வருடமாக ஒரு சொட்டுச் சிறுநீர் போகாதவள் லார்னா. காலையிலிருந்து இது மூன்றாவது பையாம். குழுவில் போட்டேன். இஷ்தியாக் கடையில் சேறு வாரிக்கொண்டே 'அல்ஹம்துலில்லாஹ்' என்று போட்டான். கிளிஃபர்ட் எத்தனை மில்லி என்று கேட்டார்.

நர்ஸ் போகும்போது மேசையில் ஒரு பெரிய ஜக் தண்ணீரை வைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் அவ்வளவையும் குடித்து முடிக்க வேண்டும், முடித்தால் இன்னொன்று தருவேன் என்றாள். லார்னா ஜக்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். குடித்தது வெளியேற வழியில்லாததால், நான்கு வருடமாக அவளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். அதை வேளைக்கு இரண்டு மடக்காக அளந்து கொடுத்தவள் நான். கோடையில் நாக்கு ஒட்டிக்கொண்டு ஒரு வாய் கேட்டபோது, முடியாது என்று சொன்னவளும் நான்தான். அந்தப் பழக்கத்தில் இப்போதும் என் அனுமதிக்குக் காத்திருந்தாள்.

டம்ளரை எடுத்து விளிம்புவரை ஊற்றினேன், கொஞ்சம் போர்வையில்கூடச் சிந்தியது. இரண்டு கையாலும் வாங்கி, நடுவில் நிறுத்தாமல், தாடையில் வழிய வழியக் குடித்தாள். டம்ளரை நீட்டினாள்.

"இன்னொண்ணு ஊத்து," என்றாள்.