எண்பத்து நான்கு வீடுகள்

கீதா நான்கு வருஷமாக லீவே எடுக்கவில்லை. காய்ச்சலோடு கல்லூரிக்குப் போய்ப் பொருளாதாரம் நடத்தினாள். அப்படிச் சேர்த்து வைத்ததுதான் அந்த முப்பது நாள். அதற்குள் பாதியில் நிற்கும் நாவலை முடித்தாக வேண்டும். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு என்று சென்னைப் பதிப்பாளர் சொல்லிவிட்டார். நாற்பத்தாறு வயதில் இன்னொரு பதிப்பாளர் வந்து கேட்கப்போவதில்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஆர்.எஸ்.புரம் வீட்டிலோ நாவல் யார் காதிலும் ஏறவில்லை, லீவு மட்டும் ஏறியது. முதல் நாள் மாமியார் மயிலாத்தாளுக்குக் கண் டாக்டர். இரண்டாம் நாள் தண்ணீர் மெஷினைப் பார்க்க ஆள் வருவான், யாராவது இருக்க வேண்டும். மூன்றாம் நாள் கொழுந்தன் பெண்டாட்டிக்கு ஜாக்கெட் அளவு கொடுக்கத் துணை. கல்லூரிக்குப் போனால்தான் வேலை, வீட்டில் உட்கார்ந்து எழுதினால் சும்மா இருப்பதாம். நல்ல கூத்து.

ஐந்தாம் நாள் கணவன் மதன்குமார் அவளுடைய லேப்டாப்பை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கட்டுக் கட்டாகக் கல்யாணப் பத்திரிகைகளை வைத்தான். அவன் தம்பி தீபக்கின் மகள் ரித்திகாவுக்குக் கல்யாணம்.

"தாராபுரம், கொடுமுடி லைன் நம்முளுது. எம்பத்து நாலு ஊடு. மில்லுல ஆடிட்டிங், நான் நகர முடியாது. நீ போய் வெச்சுப்போட்டு வந்துரு."

"நான் எழுதறதுக்குத்தானுங்க லீவு போட்டிருக்கறேன்."

"எழுதறது எப்ப வேண்ணாலும் எழுதலாம். முகூர்த்தம் காத்துக்கிட்டு இருக்குமா?"

எண்பத்து நாலு வீடு என்றால் வெறுமனே கொடுத்துவிட்டு வருவதல்ல. உட்கார வேண்டும். காப்பி குடிக்க வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து நீட்டி, ஊட்டோட வந்துருங்க என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். சாப்பிடாமல் எழுந்தால் அது ஒரு கோபம். ஒரு நாளைக்கு எட்டு வீடு தாண்டாது. முறைப்படி புருஷனும் பெண்டாட்டியுமாகத்தான் போக வேண்டும். ஆனால் மதன்குமார் வராவிட்டால் மட்டும் முறை கெட்டுப்போகாது, பாருங்கள்.

"கூரியர்ல அனுப்பிப்போட்டு போன்ல ஒரு வார்த்தை சொன்னா ஆகாதுங்களா?" என்று கேட்டாள் கீதா.

மயிலாத்தாள் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். "சொந்தபந்தம், ஒரம்பரை ஊட்டுக்குக் கூரியர்ல பத்திரிகையா? எங்கயாச்சும் கேட்டிருக்கறயா அம்மணி?"

இந்தக் கொங்குச் சீமையில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதாக இருந்தாலும் மரியாதை குறையாமல்தான் தள்ளுவார்கள். மயிலாத்தாள் பத்திரிகைக் கட்டிலிருந்து ஒன்றை உருவித் தனியாகக் கொடுத்தாள். கொடுமுடியில் இருக்கும் தன் தம்பி சுப்பண்ணனுக்கு. கிணற்று வரப்புத் தகராறில் அக்காளும் தம்பியும் பேசி எட்டு வருஷம் ஆகிறது.

"ஆம்பளைக போனா பேச்சு வளரும். நீ போனா அவனால மறுக்க முடியாது. அக்கா வரச் சொன்னான்னு சொல்லு."

மறுநாள் காலை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கீதா காரை எடுத்தாள். பல்லடத்தில் ஒரு கூரியர் ஆபீஸ் கண்ணில் பட்டது. வண்டியை நிறுத்தினாள். எண்பத்து நாலு கவரிலும் விலாசம் எழுதிக் கொடுத்தாள், சுப்பண்ணன் கவர் உட்பட. யாராவது போன் செய்து திட்டுவார்கள், வாங்கிக் கட்டிக்கொள்ளலாம், அதற்குள் நாலு அத்தியாயம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

பிறகு தாராபுரம் கிளை நூலகத்தில் போய் உட்கார்ந்தாள். சொந்தக்காரர் கண்ணில் படாமல் இருக்க அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. பதினோரு நாள் அதே நாற்காலி.

சாயங்காலம் வீடு திரும்பினால் மயிலாத்தாள் ஒவ்வொரு வீட்டையும் விசாரிப்பாள். கீதா சளைக்காமல் புனைந்தாள். ஒரு வீட்டில் மூட்டு வலி, ஒரு வீட்டில் புது மாடு, ஒரு வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

ஒன்பதாம் நாள் மயிலாத்தாள், "தம்பி என்ன சொன்னான்?" என்றாள்.

"மொதல்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டாருங்க அத்தை. அப்பறம் அக்காளுக்குக் கால் வலி தேவலையான்னு கேட்டாருங்க. கண்ணு கலங்கிப்போச்சு. கட்டாயம் வாரேன்னு சொன்னாருங்க."

மயிலாத்தாள் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். கீதா சொன்னாள், இன்னும் கொஞ்சம் மெருகேற்றி.

நாவல் முடிந்தது. கடைசித் தேதிக்கு முன்பே அனுப்பிவிட்டாள்.

அவள் கணக்கு ஒரு இடத்தில் தப்பியது. ஒருவரும் போன் செய்து திட்டவில்லை. இங்கே யாரும் ஏன் நேரில் வரவில்லை என்று கேட்க மாட்டார்கள். அவமானத்தை மடியில் முடிந்துகொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள். கல்யாண மண்டபத்தில்தான் அவிழ்ப்பார்கள். அன்று பந்தியில் பாதி இலைக்கு ஆள் இல்லை. மயிலாத்தாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை அழைப்புக்கும் எழவில்லை, சாப்பாட்டுக்கும் எழவில்லை. தாலி கட்டும்போது கூப்பிட்டார்கள். "தம்பி வந்துரட்டும், சித்த இருங்க" என்றாள். சுப்பண்ணன் வரவில்லை.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், இத்தனை நாள் கூரியர் ஆபீசில் கிடந்துவிட்டு, கொடுமுடிக் கவர் திரும்பி வந்தது. மேலே கீதாவின் கையெழுத்து. குறுக்கே, வாங்க மறுத்தார் என்று எழுதியிருந்தது.

மயிலாத்தாள் அதை மடியில் வைத்துக்கொண்டு, "என்ற தம்பி கண்ணு கலங்குனான்னயே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதன்பின் மருமகளோடு பேசவில்லை.

பேசியது மதன்குமார்தான். "எம்பத்து நாலு ஊட்டு மொகத்துலயும் கரியப் பூசிப்போட்டுத்தான் நீ புஸ்தகம் எழுதியிருக்கற."

"என்ற முப்பது நாளை ஆளுக்கொரு பங்கா எடுத்துக்கிட்டப்ப ஒருத்தருக்கும் உறுத்தலீங்களே."

"இனி எழுத்து கிழுத்துன்னு இந்த ஊட்டுல பேச்சு வரக்கூடாது."

"வருமுங்க. அடுத்ததும் எழுதுவேன்."

எண்பத்து மூன்று வீடுகளைப் பற்றி அவளுக்குத் துளி வருத்தம் கிடையாது. அந்த ஒரு வீடுதான் உறுத்தியது. தாராபுரத்திலிருந்து கொடுமுடிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகுமா? கொடுமுடிக்குப் போனதாகச் சொன்ன அன்றைக்கு அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது, எழுந்திருக்க மனசு வரவில்லை. அதற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டாலும், அந்த அத்தியாயத்தைத் திரும்பக் கொடு என்று யாராவது கேட்டால் கொடுத்திருக்கமாட்டாள்.

நான்கு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. கீதா வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு மாமியார் அறைக்குப் போனாள். வெளியீட்டு விழாவுக்கு முறையாக அழைக்க வேண்டும், மன்னிப்பும் கேட்டுவிட வேண்டும் என்பது எண்ணம்.

மயிலாத்தாள் தட்டைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள். "கூரியர்ல அனுப்பச் சொல்லுங்க."

எப்போதும் அம்மணி என்று கூப்பிட்ட வாய், யாரோ ஒருத்தியிடம் பேசுவது போல ங்க போட்டுப் பேசியது. கீதாவுக்குக் காது மடல் சுட்டது. சரி, அப்படியே ஆகட்டும் என்று அதே வேகத்தில் தெருமுனைக் கூரியர் ஆபீசுக்குப் போனாள்.

"மேடம், அனுப்பறவங்க, வாங்கறவங்க ரெண்டும் ஒரே விலாசமாட்ட இருக்குதுங்களே?" என்றார் அங்கிருந்தவர்.

"ஒரே ஊடுதானுங்க. அனுப்புங்க."

மறுநாள் பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. கீதா சமையலறையில் நின்றாள். மயிலாத்தாள் காலை இழுத்து இழுத்து நடந்து கதவைத் திறப்பது கேட்டது. கூரியருங்கம்மா என்றது ஓர் ஆண் குரல்.

"வேண்டாங்க. வாங்கலைன்னு எழுதிக்கோங்க."

"அம்மா, அனுப்புன விலாசமும் இதேதானுங்க. நான் திருப்பி எங்க கொண்டு போறது?"

"அது அனுப்புனவிய பாடுங்க" என்று சொல்லிவிட்டு மயிலாத்தாள் கதவைச் சாத்தினாள்.