ஆயிரம் மீட்டருக்கு மேலே

ஆஸ்திரியாவின் டிரோல் மலைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் மீட்டர் உயரத்தைத் தாண்டிவிட்டால் யாருக்கும் யாரும் ‘நீங்க’ கிடையாது. மந்திரியானாலும் மாடு மேய்ப்பவனானாலும் ‘நீ’தான். கீழே இறங்கியதும் மரியாதை தானாகத் திரும்பிவிடும்.

அதனால்தான் ஓய்வு பெற்ற நீதிபதி ஹார்ட்விக்கை, அவர் வயதில் பாதிகூட ஆகாத வழிகாட்டி நொட்புர்கா கூச்சமில்லாமல் அதட்டினாள்.

"நில்லு ஹார்ட்விக்! அந்தச் சரிவுல இறங்காத."

"ஏன் புர்கி? நேத்து நாலு பேர் சறுக்கின தடம் கண்ணு முன்னாடியே இருக்கு. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அஞ்சாவது ஆளையும் தாங்கணும்னு பனிக்குச் சட்டமா? நீதான் சொல்லணும். தடம் பாதி மூடிக் கிடக்கு பாரு. காத்து புதுப் பனியை அள்ளிட்டு வந்து இங்கதான் கொட்டியிருக்கு. கால் வச்சா மொத்தமா சரிஞ்சு நம்மளை மூடிடும்."

ஹார்ட்விக் சிகரத்தைப் பார்த்தார். சரிவைக் கடந்தால் ஒரு மணி நேரம்தான். நான்கு வருடங்களாக வருகிறார். நான்கு முறையும் வானிலை விரட்டியது. இன்று வானம் பளிச்சென்று இருக்கிறது. திங்கட்கிழமை முட்டியில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு பனிச்சறுக்கு மலையேற்றமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நொட்புர்காவுக்கும் அது தெரியும்.

"சாட்சி இல்லாம தீர்ப்பா?" சிரித்தபடிதான் கேட்டார். கண்கள் கெஞ்சின.

"கூப்பிடறேன், இரு."

ஓரமாக, ஆபத்தில்லாத சின்னச் சரிவில் இடுப்பளவு குழி தோண்டினாள். பனியில் ஒரு அடி அகலத் தூணை வெட்டி, அதன் தலையில் மண்வெட்டியை வைத்துத் தட்டினாள். மணிக்கட்டால் பத்துத் தட்டு. அசையவில்லை.

"பாத்தியா!" என்றார் ஹார்ட்விக்.

அடுத்தது முழங்கையிலிருந்து. ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டில் தூணின் மேல்பாதி, மேசை இழுப்பறை போல வழுக்கி அவள் மடியில் விழுந்தது. அடியில் இருந்த பனி ஒட்டாத சர்க்கரை. ஹார்ட்விக் ஒரு பிடி அள்ளினார். விரல் இடுக்கில் கொட்டிப் போனது.

"திரும்பறோம்" என்றாள்.

"உங்க முடிவு. நன்றி, வழிகாட்டி அம்மா."

இரண்டாயிரத்து முந்நூறு மீட்டரில் ‘உங்க’! நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு இப்படி வலித்திருக்காது.

வந்த வழியே மரங்களுக்கிடையே இறங்கினார்கள். திருப்பங்களில் அவர் முட்டி தடுமாறியது. அவள் சொல்லாமலே வேகத்தைக் குறைத்தாள்.

கார் நிறுத்துமிடம் தொள்ளாயிரம் மீட்டரில். அங்கிருந்தும் அந்தச் சரிவு தெரிந்தது. வெயிலில் சாதுவாகக் கிடந்தது.

"முட்டியைப் பாத்துக்கங்க, நீதிபதி ஐயா."

கார்க் கதவைத் திறந்து, வெளியே கால் போட்டு உட்கார்ந்திருந்தார் அவர். "அது அப்படியே நிக்குது, புர்கி."

"ஆமாங்க. இந்தக் குளிர்காலம் பூரா நின்னாலும் நிக்கும்."

"நிக்கட்டும். நீ சொன்னதுதான் சரி. சாட்சி பொய் சொல்லல. ஆனா எனக்கு அழுகை வருது. ரெண்டு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

அவள் திரும்பவில்லை.

"கொஞ்சம் நகரு, ஹார்ட்விக்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.