நாலரை மில்லிமீட்டர்

1

இந்தக் கதை ஒரு ரவுண்டானாவிலிருந்து கிளம்பியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இத்தாலியில், சாந்தெர்னோ ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், சர்க்கரை ஆலைக்குத் திரும்பும் இடத்தில் இருக்கும் ரவுண்டானா. அதன் நடுவில் எங்கள் ஊரில் செய்த பழைய மண்வெட்டும் இயந்திரம் ஒன்றைச் சாயமடித்து நிறுத்தப்போகிறார்கள். அதைப் பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு சிறுநூலும், கீழே பதிக்கும் கல்லுக்கு ஒரேயொரு வாக்கியமும் எழுதித் தரும்படி நகராட்சியில் கேட்டார்கள். இருபத்திரண்டு வருடங்களாக இந்த ஊரில் இருந்துகொண்டு இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்த்துப் பிழைப்பவன் நான். எட்டுப் பக்கத்தை ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன். ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன்.

மாட்டிக்கொண்ட கதையைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "போர் முடிந்த இத்தாலியில் இடிபாடுகளை அள்ளுவதற்குக் கைகள் போதாமல்..." விட்டுவிட்டேன். சிறுநூலில் இருக்கட்டும்.

இரண்டாவது: "1968 பிப்ரவரியில் ஒரு நாள், நீவெஸ் அர்ஞானி தன் மைப்பேனாவைத் துணியில் துடைத்தபோது..." இது பரவாயில்லை. ஆனால் நீவெஸைப் பார்க்குமுன் இயந்திரத்தைப் பார்த்தாக வேண்டும்.

2

தமிழில் நாம் இந்த இயந்திரத்தைப் பொக்லைன் என்கிறோம், ஹிட்டாச்சி என்கிறோம், ஜேசிபி என்கிறோம். ஒன்று பிரான்சு, ஒன்று ஜப்பான், ஒன்று இங்கிலாந்து. மூன்றும் கம்பெனிப் பெயர்கள். இத்தாலிக்காரர்களின் பெயர் எதுவும் நம் வாயில் ஒட்டவில்லை. இவ்வளவுக்கும் கம்பிக்கயிறும் கப்பியும் இல்லாமல், முழுக்க எண்ணெயின் அழுத்தத்தாலேயே கையை நீட்டி மடக்கும் இயந்திரத்தை உலகத்தில் முதலில் செய்தவர்களில் இவர்களும் உண்டு. நாற்பதுகளின் முடிவில், டூரின் நகரத்தில். உரிமங்கள் வெளிநாடுகளுக்குப் போயின. பெயர்கள் இங்கேயே தங்கிவிட்டன.

[இந்தப் பத்தியை வெட்டலாமா என்று மூன்று முறை யோசித்தேன். இருக்கட்டும்.]

அதன்பிறகு வடக்கு இத்தாலியில் பட்டறைக்குப் பட்டறை ஆளாளுக்கு ஒன்று செய்தார்கள். டிராக்டர் செய்தவர்கள், லாரி பழுதுபார்த்தவர்கள், ஏர்க்கொழு அடித்தவர்கள். பிறகு பெரிய நிறுவனங்கள் சின்னவற்றை வாங்கின. வாங்கியவற்றை இன்னும் பெரியவை வாங்கின. பழைய இயந்திரம் ஒன்றைச் சுரண்டினால் மஞ்சளுக்குக் கீழே ஆரஞ்சும், ஆரஞ்சுக்குக் கீழே பச்சையும் வரும். எங்கள் ஊர்ப் பச்சை தபனெல்லி சகோதரர்களுடையது. தொண்ணூறு பேர் வேலை பார்த்த தொழிற்சாலை.

நீவெஸ் அங்கே படியெடுப்பவளாக இருந்தாள். பென்சிலில் போட்ட வரைபடத்தின் மேல் ட்ரேஸிங் தாளை விரித்து, கோட்டுக்குக் கோடு, எண்ணுக்கு எண் மையில் இழுப்பது வேலை. யோசிப்பது வேலையில் சேராது. ஆனால் இருபத்தாறு வயதுக்குள் ஆயிரக்கணக்கான தாள்களை இழுத்தவள் யோசிக்காமல் எப்படி இருப்பாள்? எந்த உறுப்பு எதில் பொருந்தும் என்பது அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது.

3

1968 ஜனவரியில் தபனெல்லி சகோதரர்கள் வடக்கே ஒரு பெரிய நிறுவனத்துக்கு இயந்திரத்தை விற்றார்கள். அதாவது வரைபடங்களை. முந்நூற்று எண்பது தாள்கள். படியெடுத்துக் கொடுத்தால் இனி அவர்களே செய்துகொள்வார்கள். இங்கே என்ன நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

லேத்தில் வேலை பார்த்த லெயார்கோ தால்மோந்தே மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீவெஸைத் தேடி வந்தார். கையில் பியாதினா ரொட்டி, உள்ளே பாலாடைக்கட்டி வழிந்துகொண்டிருந்தது. முற்றத்தில் வெயில் பட்ட சுவரோரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சுழல் மூட்டு தாள் வந்துடுச்சா உன் மேசைக்கு?"

"நாளைக்கு வரும். ஏன்?"

"அதுல காடி ஆழம் என்ன போட்டிருக்கு தெரியுமா?"

"நாலு புள்ளி ஏழு."

"நான் வெட்டுறது எவ்ளோ தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். தொழிற்சாலை முழுக்கத் தெரியும். அந்த இயந்திரத்தின் மேற்பகுதி முழு வட்டமாகச் சுற்றும். எண்ணெய் கீழிருந்து ஒரு மூட்டு வழியாக மேலே ஏறி, மண்ணள்ளும் கைக்குப் போகவேண்டும். அந்த மூட்டுக்குள் ரப்பர் வளையம் உட்காரும் வெட்டுப்பள்ளமான காடி நாலு புள்ளி ஏழு மில்லிமீட்டர் ஆழம் என்பது வரைபடம். அப்படி வெட்டினால் வளையம் இறுகாமல் ஒரு மாதத்துக்குள் ஒழுகும். லெயார்கோ ஆறு வருடங்களாக நாலரைதான் வெட்டினார். யாரும் தாளைத் திருத்தவில்லை. அவர் இருக்கும்போது எதற்குத் தாள்?

"அதுக்கென்ன இப்போ?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. தாள்ல இருக்கறத அப்படியே இழு. அது உன் வேலைதானே? பொய் சொல்லச் சொல்லல. எதையும் மாத்தாதேன்னு சொல்றேன், அவ்ளோதான்."

"அவங்க வண்டி ஒழுகுமே."

"ஒழுகட்டும். ஒழுகினா இங்கதான் ஓடி வரணும். வந்தா நாம தொண்ணூறு பேரு உள்ள இருப்போம். வரலேன்னா நீ தக்காளி டப்பா அடைக்கப் போவே, நான் என் மச்சான் பன்னிப் பண்ணையில சாணி அள்ளுவேன். அவன் மூஞ்சிய தெனம் பார்க்கணும். அத நெனச்சுப் பாரு."

"உன் மூஞ்சிய அவரு பார்க்கணுமே, அத யாரு நெனக்கிறது?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எழுந்து போகும்போது மட்டும் சிரிப்பில்லாமல் திரும்பினார். "நீவெஸ், எதையும் மாத்தாதே."

[லெயார்கோவைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவர் கேட்டதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளதை உள்ளபடி படியெடு என்றுதானே கேட்டார்?]

4

நீவெஸ் மறுநாள் காலை மேசையில் உட்கார்ந்தாள். தாளை விரித்தாள். ஒன்பதரைக்குள் கோடுகள் எல்லாம் முடிந்தன. எண்கள் பாக்கி. காடியின் ஆழத்தைக் குறிக்கும் சின்ன அம்புக்குறிக்கு மேல்

(இங்கே ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். ஊர் இதை ஒருவிதமாக முடித்து வைத்திருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.)

5

ஊர் சொல்வது இது.

நவம்பரில் வடக்கே செய்த முதல் ஐந்து இயந்திரங்களும் சோதனைத் திடலிலேயே ஒழுகின. நல்ல வேளை, கைக்குக் கீழே யாரும் நிற்கவில்லை. அவர்களுடைய என்ஜினியர் இரண்டு முறை பிரித்து மாட்டினார்; மறுபடி ஒழுகியது. கடைசியில் கார் எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார்.

"இந்த மூட்ட இங்க யாரு செய்யறாங்க?"

"நான்தான், என்ஜினியரே," என்றார் லெயார்கோ, கையைத் துடைத்துக்கொண்டே.

"உங்களுது ஏன் ஒழுகல?"

"எங்க ஊரு தண்ணி அப்படி."

ஒப்பந்தம் ஆயிற்று: மூட்டும் அதோடு சேர்ந்த பாகங்களும் இங்கேதான் செய்யப்படும். தொண்ணூறு பேரில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. தொழிற்சாலை இன்னும் பதினொரு வருடம் ஓடியது. அந்த வாரம் தொழிலாளர் மன்றத்தில் சாங்கியோவேசே திராட்சை மதுவை ஊற்றிக்கொண்டு எல்லாரும் எழுந்து நின்றார்கள். லெயார்கோ கோப்பையை உயர்த்தினார். "ஒரு எழுத்தக்கூட மாத்தாத நம்ம நீவெஸுக்கு!"

அன்றிலிருந்து அவள் எந்தக் கடையில் காப்பி குடித்தாலும் யாராவது வாங்கித் தந்துவிடுவார்கள். அவள் கல்யாணத்துக்கு லேத்துப் பிரிவு மொத்தமாக வந்து மேசை போட்டது. ஒரு வீட்டில் பெண் குழந்தைக்கு அவள் பெயரை வைத்தார்கள். ரவுண்டானாக் கல்லில் வரவேண்டிய வாக்கியமும் இதுதான்: ஒரு எண்ணையும் மாற்றாமல் தொண்ணூறு குடும்பங்களைக் காத்த நீவெஸ் அர்ஞானிக்கு.

நல்ல முடிவு. இங்கேயே நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி.

6

சிறுநூலுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. வடக்கு நிறுவனம் எப்போதோ மூடிவிட்டது. அதன் தாள்கள் ஒரு மாகாண ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ரயிலேறிப் போனேன். சுழல் மூட்டுத் தாளைக் கேட்டேன். கொண்டுவந்து விரித்தார்கள்.

நீவெஸின் கையெழுத்து எனக்குத் தெரியும். அவள் போடும் நான்கு மேலே மூடாது, ஐந்துக்கு ஒரு சின்னத் தொப்பி இருக்கும். காடிக்கு மேலே கறுப்பு மையில், அழித்தல் திருத்தல் இல்லாமல், அவள் கையால், இங்கே வழக்கப்படி புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டு எழுதியிருந்தது: 4,5.

அதன்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் வேறொரு கையால்: 4,7 — அட்டவணைப்படி.

நான் அந்தத் தாளின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று...

அவள் மாற்றியிருக்கிறாள். சரியாக மாற்றி, சரியான எண்ணை அனுப்பியிருக்கிறாள். வடக்கே யாரோ ஒருவர் அளவு அட்டவணைப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, படியெடுக்கிற பெண் தப்பு செய்திருக்கிறாள் என்று திருத்திவிட்டார்.

[அந்த ஒருவரை முதல் வரைவில் தலைக்கனம் பிடித்தவராக எழுதினேன். பிறகு அடித்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்து, புத்தகத்தை மட்டும் நம்பத் தெரிந்த ஒருவராகவும் இருக்கலாம். தொண்ணூறு குடும்பங்களை உண்மையில் காத்தது அவர் பென்சில்தான். அவருக்குக் கல் கிடையாது.]

7

நீவெஸுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. சமையலறையில் கப்பெல்லெத்தி மடித்துக்கொண்டிருந்தாள். மாவுத் துண்டில் பாலாடைக்கட்டி உருண்டையை வைத்து, மடித்து, விரல் நுனியில் சுற்றித் தொப்பியாக்கித் தட்டில் போடுவாள். நான் தாளின் நகலை மேசையில் வைத்தேன். மாவு படாமல் தள்ளி வைத்தேன்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். சிவப்புக் கோட்டை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"ஓ," என்றாள். "இப்படித்தானா!"

"உங்களுக்குத் தெரியாதா?"

"நான் நாலரைன்னு எழுதினது தெரியும். ஏன் ஒழுகிச்சுன்னு தெரியாது. அம்பத்தாறு வருஷமா யோசிச்சுப் பார்த்துட்டேன், எழுத்துக்காரரே. ரப்பர் மட்டமோன்னு நெனச்சேன். ஒருவேள பழக்கத்துல கை புள்ளி ஏழுன்னே எழுதிடுச்சோன்னுகூட நெனச்சேன்."

"ஏன் மாத்தினீங்க?"

அவள் அடுத்த மாவுத் துண்டை எடுத்தாள். நான்கு கப்பெல்லெத்தி முடிந்தன.

"தங்கச்சி புருஷன் குழாய் பதிக்கிற வேலையில இருந்தான். பள்ளத்துக்குள்ள நிப்பான், தலைக்கு மேல அந்தக் கை இருக்கும். மூட்டு விட்டுச்சுன்னா கை எறங்கிடும். அன்னிக்குக் காலையில நான் பேனாவ எடுத்தேன், அவன் தலை தெரிஞ்சுது. வழுக்கத் தலை. தொண்ணூறு வீடும் தெரிஞ்சுது. ஆனா வழுக்கத் தலை கிட்டத்துல இருந்துது."

"அப்புறம் எல்லாரும் உங்களப் பாராட்டும்போது..."

"சொன்னேனே! எழுபத்தெட்டுல, மன்றத்து விருந்துல எந்திரிச்சு நின்னு சொன்னேன். 'நான் நாலரைதான் எழுதினேன்'னு. எல்லாரும் சிரிச்சாங்க. 'பாரு, எவ்ளோ அடக்கம்'னு சொல்லி இன்னொரு கோப்பை ஊத்துனாங்க. உண்மையச் சொன்னதுக்கும் எனக்கு மதுதான் கெடச்சுது."

"லெயார்கோ?"

விரல் நின்றது. "அவரு சிரிக்கல," என்றாள்.

தட்டின் மேல் துணியை மூடினாள். "கல்லுல என்ன வேணா போடுங்க. ஆனா என்கிட்ட கேட்காதீங்க. நான் எழுத வேண்டியத ஒருதடவ எழுதிட்டேன்."

8

முடிவுகள்.

முதல் முடிவு: ஊர் சொன்ன வாக்கியத்தையே கல்லில் பதிக்கிறேன். எல்லாருக்கும் மகிழ்ச்சி. அந்தக் காலை ஒன்பதரைக்கு அவள் செய்த காரியம் நடக்காததாகிவிடுகிறது.

இரண்டாவது: சரியான எண்ணை எழுதியவளுக்கு என்று பதிக்கிறேன். அப்படியானால் அவள் ஊரைக் கைவிட்டவள் என்று பாதிப் பேர் சொல்வார்கள். காப்பி வாங்கித் தருபவர்கள் குறையலாம். அவளுடைய எண்பத்திரண்டாம் வயதில் அதைச் செய்ய எனக்கு யார்...

மூன்றாவது: எல்லாவற்றையும் கதை என்று எழுதுகிறேன். கதையென்றால் நம்பாமல் இருந்துவிட வசதியுண்டு. இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதுதான். இந்தக் கோழைத்தனத்தோடு நிம்மதியாக இருந்திருப்பேன், போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மன்றத்தில் சாப்பிடப் போகாமல் இருந்திருந்தால்.

9

நீண்ட மேசை. நாற்பது பேர். நீவெஸுக்கு எதிரே லெயார்கோ, தொண்ணூற்றொரு வயது, தட்டில் கப்பெல்லெத்தியைக் கரண்டியால் துரத்திக்கொண்டிருந்தார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் மேசையின் தலைமாட்டில். கல்வெட்டுபவர் வியாழக்கிழமை வாக்கியம் வேண்டும் என்று கேட்டிருப்பதை நகராட்சிக்காரர் எனக்கு மூன்றாவது முறையாக நினைவுபடுத்திவிட்டுப் போனார்.

லெயார்கோ கரண்டியை வைத்தார்.

"நீ வடக்கே போயி அந்தத் தாளப் பார்த்தியாமே?"

"பார்த்தேன்."

"என்ன?"

"பார்த்தேன்!" என்றேன், சத்தமாக. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"எழுபத்தெட்டுல இவ ஒண்ணு சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நான் வீட்டுக்குப் போயி தூங்கல. இவகிட்ட கேட்கவும் இல்ல. இவள எனக்குத் தெரியும், கேட்டா உண்மையச் சொல்லிடுவா. அதான் கேட்கல." ஒரு மிடறு குடித்தார். "இப்போ வயசாச்சு. தாங்கும். என்ன எழுதியிருந்துது, சொல்லு. நாலரையா, புள்ளி ஏழா?"

கேட்டது என்னை. பார்த்துக்கொண்டிருந்தது அவளை. நீவெஸ் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள், கை நின்றது, ஆனால் நிமிரவில்லை.

தாளில் இரண்டு எண்களுமே இருந்தன என்பது நினைவுக்கு வந்தது. எதைச் சொன்னாலும் பொய்யாகாது. அது எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

நான் ஒரு பதில் சொன்னேன். எது என்று இங்கே எழுதப்போவதில்லை. நீங்களும் அந்தத் தாளைப் பார்த்தாயிற்று, இரண்டு பேரையும் பார்த்தாயிற்று. என் நாற்காலியில் உட்காருங்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். லெயார்கோவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காது பாதிதான். எந்த எண்ணைச் சொன்னாலும் மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொல்லவேண்டும்.