காரை பூசிய வாய்க்கால்

வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கைகளை ஏலம் விடுகையில் பூசணிக்காய் வந்தபோது ஞானரத்தினத்தின் கணவர் சத்தியநேசன் எழுந்து நின்றார். வாய்க்கால் ஓவர்சியர். அவர் எழுந்தால் கோயிலில் பேச்சு அடங்கும்.

"செல்லத்தாய் மதினி காணிக்கையா? பாத்தீங்களா சோழபுரத்து விளைச்சலை! வாய்க்காலுக்குக் காரை பூசின பொறவு ஒரு சொட்டு வீணாப் போகல."

"ஐயா, அது சோழபுரத்துல காய்க்கல" என்றான் பின்வரிசையிலிருந்து வண்டிக்காரன் தவசிமுத்து. "ராஜபாளையம் சந்தையில காய்ச்சது. என் வண்டியிலதான் அக்கா ஏத்திட்டு வந்தாவ."

கோயில் சிரித்தது. சொந்த மண்ணில் விளைந்ததைத்தான் படைக்க வேண்டும். வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டு வாங்கி வந்த செல்லத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

தங்கை ஞானரத்தினம் அவளைப் பார்க்கவில்லை. போன கோடையில் என்ஜினியர் துரைக்குக் காட்டுவதற்காகச் சத்தியநேசன் கொல்லையில் ஆறு, அணை, வாய்க்கால் எல்லாவற்றையும் களிமண்ணால் சிறிதாகச் செய்திருந்தார். தலைமடையில் ஊற்றியதில் பாதிதான் கடைமடைக் குடத்துக்கு வந்தது. சுண்ணாம்புக் காரை பூசியதும் குடம் நிரம்பியது. அது பொய்யில்லை. நிஜ வாய்க்காலுக்கும் பூசியதில் கடைமடை வயல்கள் இன்று பச்சையாகத்தான் இருக்கின்றன. ஆனால் அன்று கொல்லையில் பூசிய பிறகு, பக்கத்திலிருந்த அவளுடைய கீரைப்பாத்தி வாடியது. கசிந்த தண்ணீர் இத்தனை நாளும் எங்கே போயிற்று என்று அவளுக்குப் புரிந்தது. அக்காளின் கிணறும் வாய்க்கால் ஓரம்தான் என்று நினைக்கவும் செய்தாள். கணவரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். துரை வருமுன், வாடியது தெரியாதபடி பாத்திக்குத் தானே தண்ணீர் சுமந்து ஊற்றிவிட்டாள்.

ஏலம் முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் அக்காளைப் பிடித்தாள்.

"கெணறு வத்திருச்சாக்கா?"

"வாய்க்கால்ல ஓடுது, கெணத்துல இல்ல. என்ன அதிசயமோ. தோட்டத்தை வித்துட்டு மில்லு வேலைக்குப் போறோம்டி."

"விக்காத. காரைய எடுக்கச் சொல்லி அவியட்ட நான் பேசுதேன். எனக்கு அப்பவே..."

"ஒண்ணும் பேசாத. எம்புட்டுப் பெருமையாச் சொல்லுதாவ! அவிய மனசு நோகும்."

இனிக் கணவரிடம் பேச வேண்டியதில்லை. ஞானரத்தினத்துக்கு மூச்சு லேசாயிற்று. லேசானதை அவளே கவனித்தாள். அக்காளின் தோட்டம் போகப்போகிறது, தனக்கோ நிம்மதி. முகமெல்லாம் வேர்த்தது.

"சரிக்கா" என்றாள்.

"ஏட்டி, ஏன் இப்படி வேர்க்குது ஒனக்கு?" செல்லத்தாய் தன் சேலைத் தலைப்பால் தங்கையின் முகத்தைத் துடைத்துவிட்டாள். ஞானரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.