சபையார் பக்கம்

“தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடி. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே.”

மகள் இரண்டு உள்ளங்கைகளையும் அப்பாவின் பின்தலைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். அம்மா வெள்ளைக் கழுத்துப்பட்டையைச் சுற்றிக் கொண்டுவந்து, பிடரிக்குப் பின்னால் பொத்தானைத் தேடினாள். ஞாயிறு தவறாமல் விடியற்காலையில் செய்த வேலைதான். அப்போதெல்லாம் அவர் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, “கழுத்த நெரிச்சுக் கொன்னுடாதே, அஞ்சு சபை காத்துட்டிருக்கு” என்பார். “நெரிக்கிறதா இருந்தா என்னைக்கோ நெரிச்சிருப்பேன். ஆடாம நில்லுங்க” என்பாள். இன்று அவர் ஆடாமல்தான் இருந்தார். பொத்தான்தான் மாட்டுவேனா என்றது.

“விடும்மா. வெளியில யாராவது வந்து போட்டுவிடுவாங்க.”

“அவங்களுக்குத் தெரியாது. இத ரெண்டாவது ஓட்டையில மாட்டணும். முதல் ஓட்டையில மாட்டினா அவருக்கு இருமல் வரும்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அப்பாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தான் இரண்டாவது ஓட்டையில் மாட்டிக்கொண்டது.

முன்னறையில் ஐந்து சபைகளின் பெரியவர்களும் உட்கார்ந்து, அவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து ஊர்கள், ஐந்து ஆலயங்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே போதகர். இறந்தவரும் ஒருவர்தான் என்பதை யாரும் ஒப்புக்கொள்வதாக இல்லை. எங்கள் ஊரில்தான் அதிக நேரம் வைக்க வேண்டும் என்றார் ஒருவர். எங்கள் ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்டவரே அவர்தான் என்றார் இன்னொருவர். கடைசியில் பெரிய ஆலயத்தின் செயலாளர் குரலை உயர்த்தி ஒரு முடிவு சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் போதகர் எந்த வழியில் போவாரோ அந்த வழியிலேயே பெட்டியும் போகட்டும். ஐந்து ஆலயங்களிலும் ஒரு பாட்டு, ஒரு ஜெபம். பிறகு திரும்பி வந்து பெரிய ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

செயலாளருக்கு முதுகுக்குப் பின்னால் ‘சட்டம்’ என்று பெயர். எதற்கும் ஒரு முறை வைத்திருப்பார், பெஞ்சு துடைப்பதற்குக்கூட. பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். கல்குவாரி ஊரிலிருந்து வந்திருந்த மேஸ்திரி மட்டும் உட்காராமல் வாசற்படி ஓரமாகவே நின்றிருந்தார். அறையிலிருந்து வெளியே வந்த போதகரின் மனைவியைப் பார்த்ததும் மெதுவாகக் கேட்டார்.

“அம்மா, எங்க ஊருக்கும் வருவாருங்களா?”

“வருவார். உங்க ஊருக்கு என்னைக்கு வராம இருந்தார்?”

அது உண்மைதான். வீட்டுக்குத்தான் வராமல் இருந்தார். முந்தாநாள் மதியம் வெளியிலிருந்து வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. அவள் தண்ணீர்ச் செம்போடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஐந்து ஊருக்கும் அத்தனை வார்த்தை பேசினவர்.

அவளுக்கும் ஞாயிறு என்று ஒன்று இருந்தது. காலையில் பெரிய ஆலயத்தில் முதல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, எல்லோரையும் போல அவரை அண்ணாந்து பார்ப்பாள். ஆராதனை முடிந்ததும் அவர் அங்கியைச் சுருட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைப்பார். பின்னிருக்கையில் நற்கருணைப் பாத்திரங்கள் உள்ள பெட்டி ஏறிக்கொள்ளும். அந்த இடம் அதற்குத்தான். கட்டுவதற்குக் கயிறுகூட இருந்தது. இரவில் திரும்பி வரும்போது அவருக்குக் குரலே இருக்காது. சாப்பாடு போதும் என்பதைக் கையால் சொல்வார். “ஆறாவது சபைக்கு ஆராதனை எப்போ?” என்று கேட்பாள். அதற்கும் கையால்தான் பதில். கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு.

மற்றப் பெண்கள் புருஷனோடு வந்து உட்காருவதை முதல் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்க்க முடியாது. ஆனால் காதில் விழும். ‘அடுப்ப அணைச்சியா?’ என்று ஒரு குரல். ‘தூங்காதீங்க, பாக்கறாரு’ என்று ஒரு குரல். ஜெபத்துக்கு நடுவே ஒரு அடக்கிய சிரிப்பு. பக்கத்தில் ஆள் இருக்கிறவர்கள் பேசும் பேச்சு. எத்தனையோ வருஷமாக அவள் பெஞ்சில் பக்கத்தில் இருந்தது அவளுடைய கைப்பைதான்.

ஒரே ஒருமுறை தப்பித்தார்கள். தூரத்து உறவில் ஒரு கல்யாணம். வேறு ஊர், வேறு ஆலயம், வேறு போதகர். அவள் புதுப்புடவை கட்டிக்கொண்டாள். இருவரும் நடு வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். அவர் தோள் அவள் தோளில் பட்டது. அவளுக்கு அந்த வயதில் வெட்கம் வந்தது. முதல் பாட்டு தொடங்குவதற்குள் அந்த ஊர்ப் போதகர் இவருடைய கழுத்துப்பட்டையைப் பார்த்துவிட்டார். “ஐயா, நீங்க அங்க என்ன பண்றீங்க? மேல வாங்க, மேல வாங்க” என்று கை காட்டி அழைத்தார். போகாமல் இருக்க முடியுமா? போனார். அவள் கைப்பையை எடுத்து அவர் இடத்தில் வைத்தாள்.

திரும்பும்போது பேருந்தில் அவள் பேசவே இல்லை. அவர்தான் சமாதானத்துக்கு வந்தார். “ஓய்வு வாங்கினதும் பாரு. கழுத்துப்பட்டைய அலமாரியில போட்டுப் பூட்டிட்டு, சபையார் பக்கம் வந்து உன்கூட உக்காந்துடறேன். யார் பிரசங்கம் பண்ணாலும் நல்லாத் தூங்குவேன்.” அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷக் கடைசியில் ஓய்வு.

பெரிய ஆலயத்துக்குள் பெட்டியைக் கொண்டுபோகும்போதே செயலாளர் வாசலில் நின்று தூக்குகிறவர்களைத் தடுத்தார்.

“திருப்புங்க, திருப்புங்க. தலை முன்னாடி போகணும்.”

“எப்பவும் கால்தானே முன்னாடி போகும்?”

“அது சபையாருக்கு. சபையாருக்குக் கால் பீடத்துப் பக்கம் இருக்கும், கடைசி நாள்ல எழுந்திரிச்சா பீடத்தப் பாத்து எழுந்திரிப்பாங்க. போதகருக்குத் தலை பீடத்துப் பக்கம், கால் ஜனங்க பக்கம். அவர் எழுந்திரிச்சாலும் சபையப் பாத்துத்தான் எழுந்திரிக்கணும். அதுதான் முறை.”

பெட்டி வாசலிலேயே ஒரு சுற்றுச் சுற்றி, பீடத்துக்கு முன்னால் போய் இறங்கியது. அவள் வழக்கமான முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே அவர். இப்போதும் எதிரேதான். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘முதலாவதாக’ என்று ஆரம்பித்துவிடுவார் போலிருந்தது. பக்கத்துச் சபை வட்டாரத்திலிருந்து வந்திருந்த இளம் போதகர் ஆராதனையை நடத்தினார். நல்ல பையன்தான், கொஞ்சம் அவசரமாக வாசித்தான். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. அவளுக்கு அவர் வேண்டும். பக்கத்தில் வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது ஊரில் தையல்காரர் ஒருவர் அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தார்.

“எங்க வீட்டுலதாம்மா டீ குடிப்பார். ரெண்டு டம்ளர். சர்க்கரை தூக்கலாப் போடச் சொல்லுவார்.”

“சர்க்கரையா?”

“நாலு கரண்டிம்மா.”

டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவள் வீட்டில் சர்க்கரை டப்பாவையே ஒளித்து வைத்திருந்தாள். சர்க்கரை போடாத டீயை அவர் முகம் சுளிக்காமல் குடித்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கோபம் வந்தது. பெட்டியின் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தாள். மூன்றாவது ஊரில், அவர் குழந்தைகளோடு சேர்ந்து எவ்வளவு சத்தமாகச் சிரிப்பார் என்று பெண்கள் சொன்னார்கள். நான்காவது ஊரில் பள்ளி ஆசிரியை ஒருத்தி கடைசிப் பெஞ்சைக் காட்டினாள்.

“மத்தியானம் ஆராதனை முடிஞ்சா அதுல பத்து நிமிஷம் படுத்துத் தூங்குவார். நாங்க யாரும் சத்தம் போட மாட்டோம்.”

எல்லோரும் வெளியே போகும்வரை காத்திருந்து, அவள் அந்தப் பெஞ்சிடம் போனாள். பலகையைக் கையால் தடவினாள். வழவழவென்றுதான் இருந்தது. அவருடைய சர்க்கரை, சிரிப்பு, தூக்கம் எல்லாம் வழியெங்கும் இறங்கிப்போயிருந்தன. கடைசியில் வீட்டுக்கு வந்தது களைப்பு மட்டும்தான். அதையும் அவள் ஆசையாகத்தான் வாங்கி வைத்துக்கொண்டாள். மகள் வந்து தோளைத் தொட்டாள்.

“அம்மா, வண்டி கிளம்புது.”

“வரேன். உங்கப்பா இங்க தூங்கினாராம்.”

கல்குவாரி ஊருக்குப் பாதை பாதியோடு முடிந்துவிடும். பெட்டி வந்த வண்டி மேட்டுக்குக் கீழே நின்றது. பின்னால் வந்த செயலாளரின் கார் அதற்கும் கீழே ஒரு பள்ளத்தில் இறங்கி, அதிலேயே தங்கிவிட்டது. மேஸ்திரியும் குவாரி ஆட்களும் காத்திருந்தார்கள். கல் தூக்கிப் பழகின தோள்கள். பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு நேரம் குலுங்கிக் குலுங்கி வந்தவர் இந்த மேட்டில் அலுங்காமல் ஏறினார். அவள் மூச்சு வாங்கப் பின்னால் நடந்தாள்.

ஆலயம் சின்னது. பெரிய ஆலயத்தின் முன்மண்டபத்தில் அடங்கிவிடும். பீடத்துக்கு முன்னால் பெட்டி வைக்க இடமில்லை. நடுப்பாதையில், முதல் பெஞ்சை ஒட்டி, இரண்டு முக்காலிகள் போட்டிருந்தார்கள். அந்த ஊரில் இறந்தவர்கள் எல்லோரும் கடைசியாக வந்து தங்குகிற இடம் அது. போதகர் ஒருவரை இதற்குமுன் அவர்கள் தூக்கியதில்லை. தங்கள் ஆட்களைத் தூக்கித்தான் பழக்கம். கால் முன்னால் போக வந்தார்கள். வந்தபடியே இறக்கினார்கள்.

அவள் முதல் பெஞ்சுக்கு வந்து, பழக்கத்தில் நடுவில் உட்காரப் போனாள். எதிரே பார்த்தாள். எதிரே பீடமும், அதன்மேல் ஒரு சிலுவையும், சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும்தான் இருந்தன. முகத்தைக் காணோம். திரும்பினாள். பெஞ்சின் ஓரத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவர் தோள் இருந்தது. அவரும் சிலுவையைப் பார்த்தபடிதான் படுத்திருந்தார்.

அவள் உட்காராமல் நின்றாள்.

“நிறுத்துங்க, நிறுத்துங்க!” செயலாளர் செம்மண் ஏறிய ஷூவோடு மூச்சிரைக்க உள்ளே வந்தார். “என்ன பண்ணிட்டீங்க? பாஸ்டர இப்படியா வைக்கிறது? தூக்கித் திருப்புங்க.”

மேஸ்திரியின் முகம் செத்துப்போனது. “எங்கப்பனையும் இப்படித்தாங்க வெச்சோம். தப்பாயிடுச்சுங்களா?”

“பெரிய தப்பு. சீக்கிரம் திருப்புங்க, நேரமாச்சு.”

ஆட்கள் குனிந்து பெட்டியைப் பிடித்தார்கள்.

“தூக்காதீங்க.”

காலையிலிருந்து அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. குனிந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். செயலாளர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்.

“அம்மா, முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? நாலு சர்ச்லயும் அப்படித்தானே வெச்சோம்.”

“வெச்சீங்க. நான் ஏதாவது சொன்னேனா?”

“இல்லம்மா. ஆனா நாளைக்கு அவர் எழுந்திரிக்கிறப்போ சபையப் பாத்து…”

“எழுந்திரிச்சதும் அவரே திரும்பிக்குவார். அவருக்குத் தெரியாததா?”

யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்குவது கேட்டது. செயலாளர் இளம் போதகரைப் பார்த்தார். இளம் போதகர் அவளைப் பார்த்தார். அவள் செயலாளரிடம்தான் பேசினாள். ஆனால் குரலில் இப்போது வீம்பு இல்லை.

“அஞ்சு சபைக்கும் முன்னாடி நின்னுட்டாருங்க. ஒரு பாட்டு முடியிறவரைக்கும் என் பக்கத்துல இருக்கட்டும்.”

 செயலாளர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பின்னால் போய், காலியாக இருந்த ஒரு இடத்தில் உட்கார்ந்தார். மேஸ்திரியின் ஆட்கள் பெட்டியை விட்டு நிமிர்ந்தார்கள்.

“ஆராதனையைத் தொடங்குவோம்” என்றார் இளம் போதகர்.

அவள் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். மகள் வந்ததும், அந்தப் பக்கம் உட்கார் என்று கண்ணால் காட்டினாள். அங்கே பாட்டுப் புத்தகங்கள் குறைவு. குவாரிக்காரப் பெண் ஒருத்தி தன்னுடையதை முன்னால் நீட்டினாள். அட்டை போன புத்தகம். பாட்டு தொடங்கியது. அவளுக்கு மனப்பாடமான பாட்டுதான், புத்தகமே வேண்டாம். ஆனாலும் பக்கத்தைத் தேடி எடுத்தாள். தன் மடிக்கு நேராக வைத்துக்கொள்ளாமல், நடுப்பாதைப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, பெட்டியின் விளிம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பக்கம் முடிந்தபோது மற்றவர்கள் எல்லோரும் புரட்டிவிட்டார்கள். அவள் கொஞ்சம் பொறுத்துத்தான் புரட்டினாள்.