திறப்பு விழா பாசிட்டிவ்

சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: 2011ஆம் வருஷம் தை மாதம், சுபமுகூர்த்தத்தில், திண்டிவனம் மாநகரில் மனிதகுலம் மஞ்சள் காமாலைக் கிருமியை நேருக்கு நேர் சந்தித்தது.

சந்திப்பு நடந்த இடம் தென்னரசு லேப். ரத்தத்தில் வைரஸின் மரபணு துளி இருந்தாலும் அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டிக்கொடுத்துவிடும் பிசிஆர் மிஷின் வந்து இறங்கியிருந்தது. மிஷினின் நெற்றியில் சந்தனம், குங்குமம். 'டாக்டர்' தென்னரசுவின் தோளில் சால்வை. பட்டம் எங்கே வாங்கியது என்று யாராவது கேட்டால் அவர் சால்வையைச் சரிசெய்துகொள்வார்.

கூட்டத்தின் ஓரத்தில் முகையூர் ஸ்டீபன்ராஜ் நின்றான். குவைத்தில் ஏ.சி. மெக்கானிக் வேலை அவனுக்குத் தயார். மெடிக்கலில் மட்டும், காமாலைக் கிருமி பார்க்கும் அட்டையில் ஒரு கோடு, விழுந்தும் விழாமலும் நின்று வம்பு பண்ணியது. "வெள்ளிக்கிழமைக்குள்ள பிசிஆர் நெகட்டிவ் எடுத்துக்கினு வா, ஏத்தி உட்டுடறேன். பாசிட்டிவ்னா முகையூர்லயே இரு" என்றிருந்தான் விழுப்புரம் ஏஜென்ட். இந்த மிஷினும் சூடாக்கிச் சூடாக்கிக் குளிர வைப்பதுதான் என்று கேள்விப்பட்டதில் ஸ்டீபன்ராஜுக்கு அதன்மேல் ஒரு தொழில் பாசமே வந்திருந்தது.

கிருமி உள்ளதென்று ஏற்கெனவே தெரிந்த ரத்தத்தை மாதிரிக்கு ஓட்டி முடித்திருந்தார்கள். தென்னரசு அது கோடிக்கணக்கில் பெருகிக் கிடந்த குட்டிக் குப்பியின் மூடியைத் திறந்து, மின்விசிறிக்கு நேர் கீழே தூக்கிப் பிடித்தார்.

"சார், தொறக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரரு சொல்லிட்டுப் போனாருங்க. காத்துல பறந்து மத்த ரத்தத்துலயும் கலந்துடுமாம்" என்றாள் டெக்னீஷியன் பிரபாவதி.

"வைரஸு என்ன மல்லாட்டைத் தோலா, பறக்கறதுக்கு? தலைவரு பார்க்க வேணாமா?"

வர்த்தகர் சங்கத் தலைவர் விருத்தாசலம் குப்பிக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் மாதிரி ஒரு சொட்டு. "ஆகா, நெளியுதுய்யா!" என்றார். கைதட்டல்.

அதே விசிறியின் கீழ் இரண்டு பேருக்கு ரத்தம் எடுத்தார்கள். தலைவருக்கு போட்டோவுக்காக; ஸ்டீபன்ராஜுக்கு குவைத்துக்காக.

மறுநாள் ஸ்டீபன்ராஜின் கைக்கு ரிப்போர்ட் வந்தது. பாசிட்டிவ்.

"சார், இன்னொருவாட்டி ஓட்டிப் பாருங்களேன். உடம்புக்கு ஒண்ணுமே இல்லீங்க."

"மனுசன் பொய் சொல்வான்பா. மிஷின் சொல்லாது" என்றார் தென்னரசு.

அப்போது கதவை உதைத்துக்கொண்டு தலைவர் வந்தார். கையில் அவருடைய ரிப்போர்ட்.

"யோவ் தென்னரசு! எனக்குக் காமாலைக் கிருமியா? வூட்டுல எனக்குத் தனித்தட்டு வெச்சிட்டாங்கய்யா!"

"ஐயோ தலைவரே, மிஷின் புதுசு. லாரில குலுங்கிக்கினு வந்துச்சு. பிரபாவதி, ஜல்தியா வெறும் தண்ணிய ஊத்தி ஓட்டும்மா!"

மத்தியானம் வரை காத்திருந்தார்கள். தலைவருக்கு நாற்காலி, ஸ்டீபன்ராஜுக்குச் சுவர்.

பிரபாவதி வெளியே வந்தாள். "தண்ணிக்கும் பாசிட்டிவ் சார்."

"பார்த்தீங்களா, எல்லாம் மிஷின் பண்ண பேஜாரு!" தென்னரசு முகமெல்லாம் பல்லாகி, தலைவருக்கு அங்கேயே 'நெகட்டிவ்' என்று அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"அப்போ என்னுதுங்க?" என்றான் ஸ்டீபன்ராஜ்.

"உன்னுதுக்குக் காலையிலயே கையெழுத்துப் போட்டாச்சேப்பா. ஏஜென்ட்டுக்கும் போன்ல சொல்லிட்டேன். இனிமே மாத்தினா லேபு பேரு என்னாவறது?"

வெள்ளிக்கிழமை அந்த ஏ.சி. மெக்கானிக் வேலைக்குக் கண்டமங்கலத்துக்காரன் ஒருவன் குவைத்துக்குப் போனான்.